தலைகீழாக மாட்டிய தகரம்

பாராட்டு விழா என்றால் இந்தோனேசியாவின் ஸ்மாராங் நகரில் ஆட்களுக்கு முன்னால் பூப்பலகைகள் வந்து நின்றுவிடும். அன்றைக்கும் காலை ஆறு மணிக்கே கட்டடக்கலை, வடிவமைப்புக் கல்லூரியின் வாசலில் ஆளுயரத்துக்கு மேலான பலகைகள், மஞ்சளும் சிவப்புமாகப் பூ ஒட்டி, வரிசை கட்டி நின்றன. சிமென்ட் கம்பெனி வாழ்த்தியது. ஓட்டுக் கம்பெனி வாழ்த்தியது. இதே போட்டியில் தோற்றுப்போன பக்கத்துக் கல்லூரியும் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்தியது. எல்லாவற்றிலும் டீன் ஹந்தோயோவின் பெயர் முழங்கை நீளத்துக்கு இருந்தது. பரிசு வாங்கிய கட்டடத்தை வரைந்த மாணவி லிந்தாங்கின் பெயர் இரண்டு பலகைகளில் இருந்தது. அவளோடு மலையேறி, மூங்கில் சுமந்து, கட்டி முடித்த விரிவுரையாளர் பலுபியின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

பலுபிக்கு அது பழகிப்போன விஷயம். பதினோரு வருஷமாக அவள் ஒப்பந்த விரிவுரையாளர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதுக் காகிதம், பழைய சம்பளம். 'பதினோரு வருஷமா நிச்சயதார்த்தமே நடக்குது, கல்யாணம் எப்போ?' என்று அவள் தங்கை கேலி செய்வாள். இன்றைக்குத்தான் கல்யாணம். நிரந்தர நியமனக் கடிதத்தை விழா மேடையிலேயே கொடுத்துவிடுவதாக டீன் சொல்லியிருந்தார். பதிலுக்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கட்டடம் நிற்கிற சும்பர்வாரு கிராமத்திலிருந்து வரும் துகினெம் அம்மாளை முன்வரிசையில் உட்காரவைத்து, இரண்டு வார்த்தை நன்றி சொல்லவைத்து, நல்லபடியாக அனுப்பிவைக்க வேண்டும்.

நாற்காலியில் பெயர்ச்சீட்டு ஒட்டலாம் என்று பலுபி அரங்கத்துக்குள் போனாள். போனவள் மேடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

மேடையின் பின்சுவர் முழுக்கத் துருப்பிடித்த தகரங்கள். ஏழு தகடுகள். கீழிருந்து விளக்குப் போட்டிருந்தார்கள். துருவும் ஆணி ஓட்டைகளும் சிவப்புப் பெயின்ட் கோடுகளும் பொன் மாதிரி மின்னின. பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையில் அழகான எழுத்தில் ஒரு வாசகம்: 'பெயர் அறியாக் கைகளின் சுவடுகள்.'

அந்தத் தகரங்களை பலுபிக்குத் தெரியும். அவற்றைக் கழற்றச் சொன்னவளே அவள்தான்.

சங்கதி இதுதான். உங்காரான் மலைச்சரிவில் இருக்கிற சும்பர்வாருவில், மாதம் ஒரு தரம் கைக்குழந்தைகளை எடை பார்த்து, உயரம் பார்த்து, பாசிப்பயறுக் கஞ்சி ஊற்றுவதற்கு ஒரு கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். கல்லூரி கட்டிக் கொடுத்தது. மூங்கில் தூண், வளைந்த கூரை, மேற்குப் பக்கம் சுவரே இல்லை. கட்டடம் மூச்சு விட வேண்டும் என்றாள் லிந்தாங். மூச்சு நன்றாகத்தான் விட்டது. டிசம்பரில் மேற்குக் காற்று வீசியபோது மழையையும் சேர்த்து உள்ளே இழுத்தது. தராசு துருப்பிடித்தது. சுவரில் ஒட்டியிருந்த உயரம் பார்க்கும் காகிதம் கூழாகிக் கீழே விழுந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார் குடை பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நின்றார்கள்.

எடை பார்க்கிற தொண்டூழியப் பெண்களுக்குத் தலைவி துகினெம். அவள் யாரையும் திட்டவில்லை. இடித்த கோழிக்கொட்டகை ஒன்றிலிருந்தும் தன் சொந்த அடுக்களைக் கூரையிலிருந்தும் தகரம் பிரித்துக் கொண்டுவந்து மேற்குப் பக்கத்தை அடைத்தாள். காகிதம் போனதால் அளவையும் அந்தத் தகரத்திலேயே சிவப்புப் பெயின்ட்டில் வரைந்தாள். மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளையையும் அதில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் கோடு கிழித்து, பெயரும் மாதமும் எழுதினாள். பிள்ளைகள் ஓடி வந்து தங்கள் கோட்டைத் தேடும். கட்டடத்தில் ஊரார் உண்மையிலேயே நேசித்த பாகம் அந்தத் தகரச் சுவர்தான்.

அப்புறம் விருதுக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. வரைபடத்தில் எப்படியோ அப்படியே கட்டடம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. டீன் பலுபியை அனுப்பினார். அவள் துகினெம்மின் அடுக்களையில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, அவித்த மரவள்ளியும் தின்றுவிட்டு, அம்மா என்கிற மரியாதையோடு 'இபு' என்று அழைத்துச் சொன்னாள்: இரண்டே நாள், இபு துகினெம், மூன்றாம் நாள் நானே வந்து மாட்டித் தருகிறேன். விருதுக்காரர்கள் போனார்கள். பத்திரிகைப் படக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் போனதும் தகரங்களைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லிக் கல்லூரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். விருது கிடைத்ததும் இன்னொரு விதியும் வந்து சேர்ந்தது. மூன்று வருஷத்துக்குக் கல்லூரியின் கடிதம் இல்லாமல் கட்டடத்தில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாதாம். ஊர்த்தலைவர் அந்த விதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டில் மாட்டிவைத்தார்.

போன மழைக்காலம் முழுக்கக் குழந்தைகளை மாட்டுக்கொட்டிலின் தாழ்வாரத்தில்தான் எடை பார்த்தார்கள். துகினெம் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவாள். முதலில் நலம் விசாரிப்பாள், பிறகு மழை நிலவரம் சொல்வாள், கடைசி வரியில் தகரத்தைப் பற்றிக் கேட்பாள். பலுபி ஒவ்வொரு தடவையும் 'நாளை கண்டிப்பாக' என்று எழுதி, ஒரு கும்பிடு படமும் போட்டு அனுப்புவாள். அனுப்பும்போது அவளுக்குக் கூசத்தான் செய்யும். கூச்சத்தோடு வாழப் பழகினவர்கள்தான் பதினோரு வருஷம் ஒப்பந்தத்தில் இருக்க முடியும்.

மேடையில் ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த லிந்தாங் அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

"எப்படி இருக்கு இபு? பட்டறைக்குப் பின்னாடி சும்மா கிடந்துச்சு. இந்தத் துருவை எந்த பெயின்டராலயும் கொண்டுவர முடியாது. டீன் ராத்திரி வந்து பார்த்துட்டுக் கண் கலங்கிட்டார்."

"இது அவங்களோடது லிந்தாங். திருப்பிக் குடுக்கணும்."

"விழா முடியட்டுமே இபு. ஆறு மாசம் கண்காட்சி, அப்புறம் குடுத்திடலாம்."

அந்தப் பெண்ணிடம் வஞ்சகம் கிடையாது, அதுதான் பெரிய தொல்லை. நாலு வருஷமாகக் கோணம், நிழல், பரப்பு என்று சொல்லிக்கொடுத்து அவள் கண்ணை இப்படி ஆக்கிவைத்ததே பலுபிதான். கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகுதான் பலுபிக்கு இன்னொன்றும் புலப்பட்டது. தகரங்களைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். சிவப்புக் கோடுகள் மேலே அடர்ந்து கீழே கலைந்தால் எடுப்பாக இருக்கிறதாம். அளவு உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஓடியது, பெயர்களெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. யாரும் தலையைச் சாய்த்து வாசித்துப் பார்க்கவில்லை.

அவள் டீனின் அறைக்கு ஓடினாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனிதர் ஹந்தோயோ. அன்றைக்கு மாப்பிள்ளை வேஷம். கண்ணாடி முன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "விழா நல்லபடியா முடியட்டும் பலுபி. உங்க கடிதம் இங்கதான் இருக்கு," என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அவளுக்கும் புரிந்தது.

எட்டு மணிக்குக் கல்லூரி வண்டியிலிருந்து துகினெம் இறங்கினாள். பச்சைநிறத் தொண்டூழியச் சீருடை, முக்காடு, கையில் ஒரு பை நிறைய அவித்த நிலக்கடலை. பையை பலுபியின் கையில் திணித்துவிட்டு, அவள் தங்கையின் பிரசவம் நல்லபடியாக ஆனதா என்று விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இபு டோசென், ஒரு காரியம் பண்ணிட்டேன், கோவிச்சுக்காதீங்க. எங்க ஊரு முட்டைக்கோஸ் வண்டி சந்தைக்கு வந்திருக்கு. மத்தியானம் காலியாத்தான் திரும்புது. உங்க வாசல்ல வந்து நிக்கச் சொல்லியிருக்கேன். தகரத்தை அப்படியே ஏத்திட்டுப் போயிடலாம். உங்களுக்கும் மலையேறி வர்ற சிரமம் மிச்சம்."

ஆசிரியையை அங்கே எல்லோரும் 'இபு டோசென்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை அன்றைக்கு பலுபியின் மேல் கல்லாக வந்து விழுந்தது. பார்க்கலாம் என்றாள். துகினெம்மின் முகம் மலர்ந்தது. பார்க்கலாம் என்பதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

விழா தொடங்கியது. ஹந்தோயோ சாதனைகளை வாசித்தார். ஒரு பேராசிரியரின் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்திருக்கிறது, கைதட்டல். ஒரு மாணவன் வரைந்த நாற்காலி இத்தாலிக்குப் போயிருக்கிறது, கைதட்டல். அதில் யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. உள்ளரங்க வடிவமைப்புத் துறைக்கு மூன்று பதக்கம், ஜவுளித் துறைக்கு இரண்டு. கடைசியாகச் சும்பர்வாரு. அரங்கத்தை இருட்டாக்கித் திரையில் படம் காட்டினார்கள். பனி மூடிய மலை, அதன் மடியில் கூடம், மேற்குப் பக்கம் விரியத் திறந்து கிடந்தது. படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. படம் முடிந்து திரை மேலேறியதும் பின்னாலிருந்த தகரச் சுவருக்கு விளக்கு வந்தது. கூட்டம் ஓவென்று வியந்தது.

பலுபி துகினெம்மின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே, பக்கத்து நாற்காலியில் அவள் மெல்ல நிமிர்ந்து உட்காருவதை உணர்ந்தாள். துகினெம் தலையை இடப்பக்கம் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள்.

"தலைகீழா மாட்டியிருக்காங்க," என்றாள் மெதுவாக. கோபமில்லை. பெயரில்லாத ஒரு மருந்துப் புட்டியைப் பார்த்தவள் மாதிரி சற்றுக் குழம்பியிருந்தாள், அவ்வளவுதான். "ஏன் இபு டோசென்?"

பலுபி வாயைத் திறப்பதற்குள் மேடையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. சும்பர்வாரு மக்களின் சார்பாக இரண்டு வார்த்தை.

துகினெம் மேடையேறினாள். சலாம் சொன்னாள். பலுபி எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை விரித்து, முதல் வரியை ஒழுங்காகப் படித்தாள். பிறகு பக்கத்திலிருந்த வெள்ளைப் பலகை கண்ணில் பட்டது. அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். காகிதத்தை மடித்துவிட்டாள்.

"பேரு தெரியாதவங்கன்னு போட்டிருக்கீங்க," என்றாள். "பேரெல்லாம் அதுலயே எழுதியிருக்குதுங்களே."

கூட்டம் சிரித்தது. அவள் திரும்பித் தகரத்தின் அருகே போனாள். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, விரலால் சுட்டிச் சுட்டி வாசித்தாள்.

"நயிலா, எழுபத்தொம்பது. அர்கா, எண்பத்தி நாலு. இது கென்சோ, அவன் இப்ப இன்னும் வளர்ந்திருப்பான், அளக்க இடமில்லை. ரிஸ்கி, எழுபத்தாறு. அப்ப மூணு மாசமா அதே எழுபத்தாறுதான். அப்பலேருந்து தினம் ஒரு முட்டை குடுத்துட்டு வர்றோம். ஒரு கோடு ஏறுச்சான்னு பார்க்கணும்."

முன்வரிசையிலிருந்த சிலரும் அவளோடு சேர்ந்து தலையைச் சாய்த்தார்கள். அப்புறம் பின்வரிசைகளும். அவள் கடைசிப் பெயரை வாசித்து முடித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. லிந்தாங் அழுதுகொண்டிருந்தாள். இது நிகழ்ச்சியின் பாகம் என்றும், யாரோ கெட்டிக்காரத்தனமாக ஏற்பாடு செய்தது என்றும் எல்லோரும் நினைத்துவிட்டார்கள். இதைத்தான் நாம் சமூகத்தோடு சேர்ந்து கட்டுவது என்கிறோம் என்று ஹந்தோயோ ஒலிபெருக்கியில் முழங்கினார்.

மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். தும்பெங் என்கிற அந்தக் கூம்பின் உச்சியை வெட்டி யாருக்குக் கொடுக்கிறார்களோ அவர்தான் அன்றைக்குப் பெரியவர். டீன் உச்சியை வெட்டித் தட்டில் வைத்து, அதை துகினெம்மிடம் கொடுக்கும்படி பலுபியை மேடைக்கு அழைத்தார். இன்னொரு கையால் சட்டைப்பையிலிருந்த உறையையும் எடுத்தார். படக்காரர்கள் நெருங்கி வந்தார்கள்.

துகினெம் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், ஐயா என்கிற பொருளில் 'பாக்' என்று டீனை அழைத்துச் சொன்னாள். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது.

"ரொம்ப சந்தோஷங்க, பாக். இந்த வாரமே மழை புடிச்சுக்கும். தகரத்தை இறக்கிக் குடுத்தீங்கன்னா நாங்க கொண்டுபோயிடறோம். வாசல்ல வண்டி நிக்குது. மாட்டிக்கிறதுக்கு ஒரு கடுதாசியும் வேணும். இபு டோசென் தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

கைதட்டல் அங்கங்கே அறுந்தது. விருதுக் குழுவின் பிரதிநிதி முன்வரிசையில் புருவத்தை உயர்த்தினார். ஹந்தோயோவின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. உறை பிடித்த கை இரண்டு அங்குலம் பின்வாங்கியது. பலுபி அந்த இரண்டு அங்குலத்தைப் பார்த்தாள்.

"அப்படியா பலுபி? ஏதாவது வாக்குக் குடுத்திருக்கீங்களா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு விநாடி போதும். கடிதம் போனால் போகட்டும், அடுத்த ஆகஸ்டில் இன்னொரு காகிதம் வரும், வராமலும் போகும். பலுபி அதை நினைக்காமல் இல்லை. நினைத்தாள். நினைத்துவிட்டுத்தான் ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"ஒரு சின்னக் குழப்பம், பாக். இந்தத் தகரங்கள் சும்பர்வாரு மக்கள் நம்ம கல்லூரிக்கு அன்பளிப்பாக் குடுத்தது. அவங்க ஞாபகமா. இபு துகினெம்கிட்ட நான்தான் சரியா விளக்கிச் சொல்லலை."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தாகிவிட்டது. உடைத்தது கடைக்காரியின் முகத்துக்கு நேரே. துகினெம் இப்போது 'நாங்க குடுக்கலை' என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். தகரத்தில் அவள் எழுத்து இருக்கிறது, வாட்ஸ்அப்பில் ஒரு வருஷத்துச் செய்தி இருக்கிறது, வாசலில் வண்டி நிற்கிறது.

துகினெம் அவளைப் பார்த்தாள். நெடுநேரம் ஒன்றும் பார்க்கவில்லை, காய்ச்சல் உண்டா என்று ஒரு பிள்ளையின் கண்ணைப் பார்க்கிற நேரம்தான். உறையைப் பார்த்தாள். மறுபடியும் பலுபியைப் பார்த்தாள். நாலு பேருக்கு முன்னால் ஒருத்தியை அவமானப்படுத்துவது அவள் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம்.

"ஆமாங்க," என்றாள். "குடுத்துட்டோம்."

இதுவரை இல்லாத கைதட்டல். உறை பலுபியின் கைக்கு வந்தது. பதினோரு வருஷம் கனவில் கனத்த காகிதம் கையில் கனக்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு பலுபி துகினெம்மைத் தேடினாள். அவள் மேடையில்தான் இருந்தாள். சோற்று உச்சியைத் தட்டோடு ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு பெயரையும் உயரத்தையும் மாதத்தையும் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு மாணவர்கள் அவள் எழுதுவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சியில் இருந்த பெயர்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த மாதங்கள் அவள் கண்ணுக்கு எட்டவில்லை. நேராக மாட்டியிருந்தால் தரையை ஒட்டி இருக்க வேண்டிய, குட்டையான குழந்தைகளின் பெயர்கள்தான் அவை, தலைகீழானதால் கூரைக்குப் போய்விட்டன.

பலுபி ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். ரிஸ்கி, எழுபத்தாறு, என்று வாசித்தாள். துகினெம் எழுதிக்கொண்டாள். மார்ச்சா ஏப்ரலா என்று கேட்டாள். ஏப்ரல் என்றாள் பலுபி. இப்படியே பத்துப் பன்னிரண்டு பெயர்கள். ஏணியின் மேல் நின்றுகொண்டே பலுபி மன்னிப்புக் கேட்டாள்.

துகினெம் நோட்டை மூடினாள்.

"தகரம் உங்களோடதாப் போச்சு, இபு டோசென். அதுக்கென்ன, தகரம்தானே. பிள்ளைங்க உசரத்தை மட்டும் எழுதிக்கிட்டேன், அதைக் கேட்டு சுகாதார ஆபீஸ்லேருந்து ஆள் வருவாங்க." நோட்டைக் கைப்பைக்குள் வைத்தாள். "நீங்க எதுக்காகச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

வாசல்வரை பலுபி கூட வருவதை அவள் தடுக்கவில்லை. பூப்பலகைகளுக்கு நடுவே முட்டைக்கோஸ் வண்டி காத்துக்கொண்டிருந்தது. பின்பலகையை இறக்கி, தகரம் கட்ட ஓட்டுநர் கயிறும் எடுத்துவைத்திருந்தான். துகினெம் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் கயிற்றைச் சுருட்டி உள்ளே எறிந்தான்.

மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பூப்பலகைகளின் சாயம் கரைந்து வாசல் ஓடையில் சிவப்பாக ஓடியது. தங்கை தொலைபேசியில் கல்யாணப்பெண்ணே என்று கூப்பிட்டு, விருந்து எப்போது என்று கேட்டாள். பலுபி அரங்கத்தில் நின்று பேசினாள். கூரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. வெள்ளைப் பலகையின் வாசகத்தை அதற்குள் லிந்தாங் மாற்றியிருந்தாள்: 'சும்பர்வாரு மக்களின் அன்பளிப்பு.'

ஆறு மணிக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. எப்போதும் போல் முதலில் நலம் விசாரித்திருந்தாள். பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம், சோறு நன்றாக இருந்தது, இங்கே நல்ல மழை, நாளைக்கு எடை பார்க்கும் நாள், கொட்டிலைக் கழுவிக்கொண்டிருக்கிறோம், உங்கள் வேலை நிரந்தரமானதற்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்துகள் என்று எழுதியிருந்தாள்.

பலுபி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். செய்தி அவ்வளவுதான். கடைசி வரியில் எப்போதும் இருக்கிற கேள்வி இல்லை. 'நாளை கண்டிப்பாக' என்று அடிக்கப் போன விரலை நிறுத்திக்கொண்டு, கும்பிடு படத்தை மட்டும் அனுப்பினாள்.